காற்றாலைக்குள் கருவிகள் பேசும் பாட்டை

திருக்கேதீஸ்வரத்திலிருந்து பாலத்தைக் கடந்து மன்னார்த் தீவுக்குள் போனால், தென்கரையில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். இலங்கை மின்சார சபை அமைத்த தம்பபவனி காற்றாலைப் பூங்கா அது. 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. மொத்தம் 30 காற்றாலைகள்; ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட்.

சோளகம் பலமாக வீசும் நாட்களிலும் அவற்றின் இறக்கைகள் நிதானமாகவே சுழல்கின்றன. அந்த நிதானம் தானாக வருவதல்ல. காற்று கூடும்போது ஒவ்வொரு இறக்கையும் தன் அச்சில் சற்றுத் திரும்பி, காற்றின் ஒரு பகுதியைப் பிடிக்காமல் விட வேண்டும். எவ்வளவு திரும்புவது என்பதைக் கட்டுப்பாட்டுக் கணினி தீர்மானிக்கிறது. அந்தக் கட்டளை, ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் தலைப்பகுதியில் உள்ள கருவிகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக வயர் இழுத்தால் கோபுரம் வயரால் நிறைந்துவிடும். ஆகவே எல்லாக் கருவிகளையும் ஒரே கேபிளில் கோத்துவிடுகிறார்கள். தகவல் தொழினுட்பப் பாடத்தில் நாம் படிக்கும் ‘பாட்டை’ இதுதான். தொழிற்சாலையிலும் இயந்திரத்திலும் வரும்போது இதனைக் களப்பாட்டை எனலாம். 1987இல் ஜேர்மனியில் தொடங்கிய கூட்டு முயற்சியில் உருவான புரொபிபஸ், உலகெங்கும் பரவிய ஒரு வகை. அதையே இங்கு உதாரணமாகக் கொள்கிறேன்.

ஒரே கேபிளில் எல்லாரும் ஒன்றாகப் பேசினால் எதுவும் விளங்காது. வகுப்பில் வரவு எடுப்பதுபோல, தலைமைக் கருவி இலக்கம் சொல்லி அழைக்கும். அழைக்கப்பட்டது மட்டும் பதில் சொல்லும். இவற்றை ஆங்கிலத்தில் எசமான், அடிமை என்றே அழைத்து வந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தலைமைக் கருவி, நிலையம் என்பதே போதும்.

தலைமைக் கருவியை அமைத்தல் என்பது அந்த வரவுப் பதிவேட்டை எழுதிக் கொடுப்பதுதான். எந்த நிலையத்துக்கு எந்த இலக்கம், அது எத்தனை பைற்று அனுப்பும், எத்தனை பைற்று பெறும், எந்த வேகத்தில் பேசுவது என்பன அதில் இருக்கும். ஒவ்வொரு சாதனத்தையும் பற்றிய விபரக் கோப்பு ஒன்றை அதன் உற்பத்தியாளரே தருகிறார். நிலையத்தின் மீதுள்ள சிறிய ஆளிகளில் வைத்த இலக்கமும் பதிவேட்டில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு நிலையங்களுக்கு ஒரே இலக்கம் வைத்தால் இரண்டும் சேர்ந்து பதில் சொல்லிக் குழப்பும். பைற்றுகளின் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் நிலையம் வேலை செய்ய மறுத்துவிடும். அது நல்லது. எண்ணிக்கை பொருந்தி வரிசை மட்டும் மாறினால்தான் ஆபத்து: வெப்பநிலையை அமுக்கம் என்று கணினி நம்பிக்கொள்ளும்.

கேபிளின் நீளமும் வேகமும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வேண்டியவை. செக்கனுக்கு 12 மெகாபிற்று வேகத்தில் ஒரு துண்டு 100 மீற்றரைத் தாண்டக்கூடாது, 93.75 கிலோபிற்று என்றால் 1200 மீற்றர் வரை போகலாம். இரு முனைகளிலும் தடையி போட வேண்டும். இல்லாவிட்டால் வெறும் மண்டபத்தில் கத்தியதுபோல் சமிக்ஞை திரும்பி எதிரொலிக்கும்.

இவையெல்லாம் பிழைத்தால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் பதுங்கியிருக்கக்கூடியது இன்னொன்று: காவல் நேரம். தலைமைக் கருவியின் குரல் எவ்வளவு நேரம் கேட்காவிட்டால் நிலையம் தன் வெளியீடுகளைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே அது. ஒரு சுற்று அழைப்பு முடிவதற்கு எடுக்கும் நேரத்தைவிட இது பல மடங்காக இருக்க வேண்டும். குறைத்து வைத்தால் சின்ன இடையூறுக்கும் இயந்திரம் நின்றுவிடும். அந்தத் தொல்லை தாங்காமல் காவலையே அணைத்துவிடவும் வழியுண்டு. திரையில் ஒரு சரி அடையாளத்தை எடுத்தால் போதும். அதன்பின் எல்லாம் சீராக ஓடுவதுபோல் தோன்றும். கேபிள் அறுந்தால், நிலையம் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும்.

காற்றாலையில் இதன் பொருள் என்ன? சுழலும் தலைப்பகுதிக்குச் செல்லும் பேச்சு, பல வடிவமைப்புகளில், வளையங்களையும் அவற்றைத் தொட்டபடி நிற்கும் தொடுமுனைகளையும் கடந்துதான் போகிறது. அவை நாளடைவில் தேயும், தூசியும் படியும். பேச்சு அறுந்த நேரத்தில் காற்று கூடினால், திரும்பாத இறக்கை அதை முழுதாகப் பிடித்துக்கொண்டிருக்கும். சுழற்சி கட்டுக்கடங்காமல் போகும். எனவே மின்கலத்தையோ, அமுக்கத்தில் எண்ணெய் சேமித்த கலத்தையோ தலைப்பகுதியிலேயே வைத்திருக்கிறார்கள். காவல் நேரம் கடந்ததும், கீழிருந்து எந்தக் கட்டளையும் வராமலே, இறக்கைகள் தம் விளிம்பைக் காற்றுக்குக் காட்டித் திரும்பிவிடும். சுழற்சி மெல்ல மெல்லக் குறைந்து ஓயும்.