கடற்கரையிலிருந்து கல்லூரிக்கு: முதலாண்டு மாணாக்கர் நிலை

இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்தில், தொண்டிக்குத் தெற்கே பாக் நீரிணையின் கரையில் அமைந்த மீனவர் ஊர் காரங்காடு. அங்குள்ள அலையாத்திக் காட்டை வனத்துறையினர் படகில் அழைத்துச் சென்று காட்டுவதால் அவ்வூரின் பெயர் இன்று வெளியூராருக்கும் அறிமுகமாகியுள்ளது. அவ்வூரிலிருந்தும் அதனையொத்த கரையோர ஊர்களிலிருந்தும் பன்னிரண்டாம் வகுப்பு தேறிக் கல்லூரி புகும் மாணாக்கர் பலர். முதற் பருவம் முடியும் முன்னரே சத்தமின்றி ஊர் திரும்பிவிடுவோரும் அவர்களுள் உண்டு. திரும்பியவனைப் "படிப்பு ஏறவில்லை" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடுகிறோம். அத்தீர்ப்பு பெரும்பாலும் தவறானது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முற்காலத்தில் பட்ட வகுப்புக்கு முன் இரண்டாண்டு இண்டர்மீடியட் வகுப்பு கல்லூரியிலேயே நடைபெற்றது. பின்னர் அது ஓராண்டுப் புகுமுக வகுப்பாகச் சுருங்கியது. 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பெற்றபோது அவ்வோராண்டும் கல்லூரியை விட்டுப் பள்ளிக்குப் போயிற்று. இம்மாற்றத்தால் விளைந்த நன்மைகள் பல. சிற்றூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே மேலும் ஈராண்டு படிக்க முடிந்தது. ஆயினும் கல்லூரியின் மொழி, நேரம், பழக்கவழக்கம் ஆகியவற்றைக் கற்றுக்கொள்வதற்கென்றிருந்த கால இடைவெளி மறைந்துவிட்டது. அலையாத்தியின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே கனிக்குள் முளைவிட்டு, அதன் பிறகே நீரில் விழுந்து மிதந்து சென்று வேரூன்றும் என்பர் தாவர நூலார். நம் மாணாக்கருக்கு முளைவிடவும் வேரூன்றவும் கிடைப்பது ஒரே பருவம். அப்பருவத்தின் மதிப்பெண்ணும் பட்டச் சான்றிதழில் சேர்ந்துவிடுகிறது.

இடர்களுள் முதன்மையானது மொழி. தமிழ்வழியில் ஒளிச்சேர்க்கை, முடுக்கம், வகைக்கெழு என்று தெளிவுறக் கற்றவன், கல்லூரியில் அவற்றையே போட்டோசிந்தசிஸ், ஆக்ஸிலரேஷன், டெரிவேட்டிவ் என்று கேட்கும்போது, தனக்குத் தெரிந்ததையே தெரியாதது என்று கருதி அஞ்சுகிறான். பொருள் அவன் உள்ளத்தில் இருக்கிறது; பெயர்தான் மாறியிருக்கிறது. இதற்கு எளிய வழியொன்று உண்டு. மேல்நிலைப் பாடநூல்களைத் தேர்வு முடிந்தவுடன் எடைக்குப் போட்டுவிடாது, விடுதிக்குக் கொண்டுவருதல் வேண்டும். கல்லூரிப் பாடத்தில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய நூலில் நேரான சொல்லைத் தேடி ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், இரண்டொரு திங்களில் அச்சம் பெரிதும் அகலும். ஆங்கிலவழிப் பாடமாயினும் தேர்வை வட்டார மொழியில் எழுத இசைவளிக்குமாறு பல்கலைக்கழக மானியக்குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. தம் கல்லூரியில் அவ்வாய்ப்பு உண்டா என்பதை மாணாக்கர் துறைத்தலைவரிடம் கூச்சமின்றிக் கேட்டறியலாம். கேட்பது குறையன்று, கேளாதிருப்பதே வழக்கமாய்ப் போனது.

அடுத்தது காலக் கணக்கு. நகரத்தார் அறியாத ஒரு செய்தியை ஈண்டுக் குறிப்பிடல் தகும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாளாயிற்று. கல்லூரிச் சேர்க்கையும் முதற் கட்டணமும் வருவதோ, வீட்டில் வருவாய் வற்றியிருக்கும் அந்நாள்களை ஒட்டியே. பருவத்தேர்வு நெருங்கும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிக்க, விடுதிக் கட்டணம் நிலுவையாகிறது. கட்டணத்திற்கு அஞ்சி வகுப்புக்கு வாராதவன் வருகைப் பதிவை இழக்கிறான். எழுபத்தைந்து விழுக்காடு குறைந்தால் தேர்வெழுதவே தடை. இவ்வாறு பணக்குறை படிப்புக் குறையாக உருமாறுகிறது. ஆசிரியர் பெருமக்கள், வாராத மாணவனின் தந்தை என்ன தொழில் செய்கிறார் என்பதையும் ஒருமுறை கேட்டறிதல் நலம்.

மூன்றாவது, உடனுறைவோர். இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், இராமநாதபுரம் சுவார்ட்சு உயர்நிலைப் பள்ளியில் பயின்று, 1950இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்தார். விடுதி அறையில் அவருடன் தங்கியவர்கள் திருவரங்கத்து ஐயங்கார் ஒருவரும் கேரளத்துச் சிரியன் கிறித்தவர் ஒருவரும். தீவிலிருந்து வந்த முஸ்லிம் இளைஞர் அவ்விருவரோடும் இணங்கி வாழ்ந்ததுடன், விடுதியின் சைவ உணவுக்கூடத்திற்குச் செயலாளராகவும் இருந்தார். இன்னொன்றும் நினைக்கத்தக்கது: இயற்பியலில் பட்டம் பெற்ற பின்னரே, தாம் விரும்பியது பொறியியல் என்று உணர்ந்தார். சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரிக் கட்டணத்திற்காகத் தமக்கையார் சொஹரா தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். முதலாண்டில் "தவறான பாடம் எடுத்துவிட்டேனோ" என்று கலங்கும் மாணாக்கருக்கு இவ்வரலாறு போதிய ஆறுதல் தரும்.

பகடிவதை பற்றி நீள எழுதத் தேவையில்லை. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன். நாவரசு கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், தமிழக அரசு 1997இல் தடைச் சட்டம் இயற்றியது. "விளையாட்டு" என்று மூத்த மாணவர் சொல்வதைச் சட்டம் அவ்வாறு கருதுவதில்லை என்பதை இருசாராரும் அறிந்திருத்தல் வேண்டும்.

பெண்மக்கள் நிலை சற்று வேறு. முதற் தேர்வில் ஒரு பாடம் தவறினால் ஆண்பிள்ளைக்கு ஏச்சு. பெண்பிள்ளைக்கோ படிப்பே நிறுத்தம். கல்வி தேடுதல் முஸ்லிமான ஒவ்வொருவர் மீதும் கடமை என்று மேடைதோறும் முழங்கும் ஜமாஅத் பெரியோர், இவ்வேளையில் அவ்வீட்டுத் திண்ணையில் சென்றமர்ந்து பேசுதல் வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்ற மாணவியருக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பெற்றன. இவற்றைப் பெறச் சான்றிதழ்களும் மாணாக்கர் பெயரில் வங்கிக் கணக்கும் தேவை. படகோடும் வீட்டில் அத்தாள்களைச் சேர்த்தெடுக்கத் தெரிந்தவர் இல்லாமற்போகலாம்; ஒரு பிற்பகல் ஒதுக்கி, கல்லூரி அலுவலகத்திற்கு அப்பிள்ளையுடன் நடந்து செல்ல ஊரில் படித்தவர் ஒருவர் முன்வந்தால் போதும். முதற் பருவத் தேர்வு முடிவு வரும் நாள்களே அப்பெரியவர் மீண்டும் அவ்வீட்டுக்குச் செல்லவேண்டிய நாள்கள்.