நீலி வடித்தது நிஜக் கண்ணீர்!

‘நீலிக் கண்ணீர்’ என்றால் பொய் அழுகை என்பது திண்டுக்கல் சீமையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். பழையனூர் நீலி அழுது எழுபது வேளாளரை நம்பவைத்தாள் என்பது கதை.

நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டுக்கும் ஒரு நீலி உண்டு. இரத்தம் குடிக்கும் யட்சி! 2025-ல் வெளியான ‘லோகா’ என்ற மலையாளப் படம் அவளையே கதாநாயகி ஆக்கிற்று. இயக்கியவர் டொமினிக் அருண். நீலியாக நடித்தவர் கல்யாணி பிரியதர்ஷன்.

இந்த நீலி வஞ்சகி அல்ல. கொடிய அரசனால் சுற்றத்தை இழந்த மலைச்சாதிச் சிறுமி. சாவு இல்லை, ஆனால் துணையும் இல்லை! நூற்றாண்டுகள் கழித்து, பெங்களூரில் எதிர்வீட்டு இளைஞன் அவள்மீது அன்பு கொள்கிறான். பார்ப்பவர் நெஞ்சில் பயம் போய்ப் பரிவு பிறக்கிறது.

படத்தின் வசூல் 300 கோடி ரூபாயைத் தாண்டியது. பேய்ப் படம் என்றால் காத தூரம் ஓடுகிறவர்களும் நீலிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவார்கள். அது நீலிக் கண்ணீர் அல்ல!