அசைவறிந்து மலரும் தாமரை

வாணி விழாவுக்கென மாணவர் இயற்றும் அலங்காரங்களுள், ஆள் வர இதழ்விரிக்கும் தாமரையும் ஒன்றாகும். அட்டையிதழ்கள், சிறு மோட்டர், பற்றரி, உணரி என்பனவே அதன் உறுப்புக்கள். மனிதவுடல் வெளிவிடும், ஏறத்தாழ 10 மைக்கிரோமீற்றர் அலைநீளமுடைய செந்நிறக் கீழ்க்கதிரையே உணரி அறிகின்றது. அதனுள் எதிரெதிராக இணைக்கப்பட்ட இரு பகுதிகள் உள. இரண்டிலும் வெப்பம் ஒருங்கே மாறின் விளைவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மாறின் மின்குறி எழும். ஆதலின் அசையாது நிற்பாரை அது அறியாது.

குத்துவிளக்கின் சுடர் காற்றில் ஆடினும் தாமரை விரிதல் கூடும். சூழல்வெப்பம் உடல்வெப்பத்தை நெருங்கும் நண்பகலில், ஆள் வந்தும் விரியாதொழிதலும் கூடும். அப்பொழுது கருவியைப் பழித்துப் பயனில்லை. சுடர் படாவாறு அதனைத் திருப்பி, மாலையிலே மீண்டும் சோதித்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும்.

காட்சிக்கு வருவோர் மலர்ச்சியை மட்டும் நோக்கிப் பாராட்டுவாராயின், மாணவர் கடையில் வாங்கி வைக்கவே விழைவர். தமிழ் கற்பிக்கும் நாம் முதலில் விரித்துப் பார்ப்பது அக்குறிப்பேட்டையே. விரியாத நாளின் காரணத்தைத் தெளிந்த தமிழில் எழுதிய மாணவனே பொருளையுணர்ந்தவன். பழைய மாணவராகிய அன்பர்களும் விழாவுக்கு வருங்கால் அதனைக் கேட்டு வாங்கிப் படிப்பாராக.