குழுவில் நால்வர், பணியில் ஒருவர்

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒருநாள் இரவு, பெருங்களத்தூரில் வாழும் இளைஞன் ஒருவன் பங்கு இல்லத்திற்கு வந்தான். பொறியியல் இறுதியாண்டு மாணவன். "ஃபாதர், நாலு பேர் வேலையை நான் ஒருத்தனே செய்யறேன்" என்று கூறிக் கண் கலங்கினான்.

நால்வர் கூடி முடிக்க வேண்டிய திட்டப்பணி அது. பிள்ளைகள் 'புராஜெக்ட்' என்பர். ஏரியின் நீர்மட்டத்தை மீயொலியால் அளந்து எச்சரிக்கும் சிறு கருவி. மற்ற மூவரின் இல்லங்கள் பல்லாவரம், மேடவாக்கம், கூடுவாஞ்சேரி எனச் சிதறிக் கிடந்தமையால், வாட்ஸ்அப் குழு அமைத்துக்கொண்டனர். அது குற்றமன்று. 2015 டிசம்பர் 1-ஆம் நாள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியபோது, படகும் உணவும் எங்கே தேவையெனக் கைப்பேசி வழியே பரப்பியவர்களுள் கல்லூரிப் பிள்ளைகள் பலர் அல்லரோ?

அவன் தன் கைப்பேசியை நம்மிடம் காட்டினான். கிரிக்கெட், திரைப்படம், பிறந்தநாள் வாழ்த்து, இடையிடையே பாடம். "நீர் அலையும்போது அளவு ஏன் தாவுகிறது?" என அவன் வினவியிருந்தான். விடையாக வந்தது கட்டைவிரல் படம் ஒன்று. பார்த்துவிட்டதைக் காட்டும் இரு நீலக் கோடுகளே வேலை செய்ததற்குச் சான்றாகிவிட்டன! யாரோ எழுதிய நிரலை ஒருவன் அனுப்ப, அதைப் புரிந்துகொள்ளாமலே நால்வரும் ஏற்றிருந்தனர்.

இந்தத் தளர்ச்சி புதிதன்று. பிரான்சு நாட்டு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான், மனிதரைக் கயிறு இழுக்கச் செய்து 1913-இல் ஆய்வு வெளியிட்டார். எண்மர் சேர்ந்து இழுக்கையில், ஒவ்வொருவரும் தனித்து இழுக்கும் வலிமையில் ஏறத்தாழப் பாதியே வெளிப்பட்டது. ஒவ்வொருவர் பங்கும் தனித்தனியே அறியப்படுமாயின் இத்தளர்ச்சி குறைகிறது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எனினும் கயிறு இழுத்தவர்கள் ஒருவர் மூச்சிரைப்பை ஒருவர் கேட்டனர். கைப்பேசிக் குழுவில் அதுவும் இல்லை.

நால்வரையும் சனிக்கிழமை மாலைகளில் மறைக்கல்வி அறைக்கு அழைத்தோம். கைப்பேசிகள் ஒரு மணிநேரம் மேசையறையில் கிடக்கும். ஒருவர் செய்த பகுதியை மற்றவர் கரும்பலகையில் விளக்க வேண்டும். முதல் வாரம் சண்டையே நடந்தது. இரண்டாம் வாரம் கூடுவாஞ்சேரிப் பிள்ளை வாய் திறந்தான். கல்லூரிக் கட்டணத்துக்காக நள்ளிரவுவரை வீடுவீடாக உணவு கொண்டு சேர்க்கும் வேலை அவனுக்கு. குழுவில் அதை எழுத வெட்கம். சோம்பேறி என்று அவனை நாமும் மனத்துள் ஏசியிருந்தோம்; நம் தலை தாழ்ந்தது. ஆறு மாதம் ஒரே குழுவில் நாள்தோறும் பேசிய மூவரும் இதை அறியவில்லை. பெற்றோரே, "பிள்ளை போனில்தான் படிக்கிறான்" என்று நீங்கள் நிம்மதி கொள்ளும்போது, அங்கே யாருடன், எதைப் படிக்கிறான் என்றும் ஒருமுறை கேளுங்கள்.

வேலை அவ்வாரமே மறுபடி பங்கிடப்பட்டது. அவனுக்குப் பகலில் முடிக்கத்தக்க பகுதி. வாய்மொழித் தேர்வில், அலையினால் அளவு தாவுவதைப் பற்றித் தேர்வாளர் அவனையே கேட்டாராம். பல அளவுகளை எடுத்து நடுவிலுள்ளதைக் கொள்கிறோம் என விளக்கினானாம். மேடவாக்கத்து மாணவியும் தன் பகுதியைத் தடையின்றிச் சொன்னாள். பல்லாவரத்துப் பிள்ளை சற்றே தடுமாறினான்.

அக்கருவி இப்போது பங்கு இல்லத்து அலமாரியில் இருக்கிறது. மின்கலம் தீர்ந்துவிட்டது. மாற்றித் தருவதாகச் சொன்னவன் பல்லாவரத்துப் பிள்ளைதான். மூன்று வாரங்களுக்கு முன் நினைவூட்டினோம். நீலக் கோடுகள் மட்டும் வந்துள்ளன.