வேளைக்காரர்: ராஜாவைக் காத்த படை, ராஜாவை விரட்டிய படை

லண்டன் அரண்மனை வாசலில் கரடித்தோல் தொப்பியோடு அசையாமல் நிற்கும் காவலர்களைப் படத்திலாவது பார்த்திருப்பீங்க. நம்ம பக்கத்து ராஜாக்களுக்கும் தனிக் காவல்படை இருந்தது. சோழர் காலத்தில் அதன் பெயர் வேளைக்காரர்.

ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவனுக்கு 'வேளை' என்றால் ஷிஃப்ட்தான் ஞாபகம் வரும். முறைவைத்துக் காவல் நின்றவர்கள்னு நினைக்கத் தோன்றும். ஆனால் நீலகண்ட சாஸ்திரி தரும் விளக்கம் வேறு: அந்த வேளை வந்தால் அரசனுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இந்தப் படைகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பல பெயர்கள் ராஜராஜனின் பட்டங்களில் தொடங்கும். கூடவே 'தெரிந்த' என்ற சொல் வரும். தேர்ந்தெடுக்கப்பட்ட என்று பொருள். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, அரசன் இறந்தால் அவனுடைய மெய்க்காவலர்களும் சிதையில் குதித்துவிடுவார்கள் என்கிறார்.

அப்படியானால் விசுவாசத்துக்கு எல்லையே இல்லையா? இலங்கையில் நடந்ததைப் பாருங்க.

1070-ல் சோழர்களைப் பொலன்னறுவையிலிருந்து துரத்திய சிங்கள அரசன் முதலாம் விஜயபாகுவிடமும் வேளைக்காரர் படை இருந்தது. 1085 வாக்கில் சோழர்மேல் படையெடுக்க அவன் ஆணையிட்டான். வேளைக்காரர் மறுத்தார்கள். தளபதிகளைக் கொன்று, அரசனின் தங்கையைப் பிடித்து, அரண்மனையைக் கொளுத்தினார்கள். அரசன் தப்பியோடி, படையோடு திரும்பி வந்து அவர்களை அடக்கினான். கலகத் தலைவர்களைக் கட்டி, அந்தத் தளபதிகளின் சிதையைச் சுற்றி நிறுத்தி எரித்ததாக மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் சொல்கிறது. தானாகக் குதிக்க வேண்டிய தீ, இங்கே தண்டனையாக வந்தது.

கதை அதோடு முடியவில்லை. 1110-ல் விஜயபாகு இறந்ததும் பட்டத்துக்குச் சண்டை. அந்தச் சமயத்தில் பொலன்னறுவையில் புத்தரின் பல் வைத்திருந்த கோயிலைக் காப்பதாக வேளைக்காரர் பொறுப்பேற்றார்கள். கோயிலுக்கே 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று பெயர் வைத்தார்கள். இதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இன்றும் அங்கே நிற்கிறது. வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் என்று பல பிரிவினர் அதில் வருகிறார்கள்.

இலங்கையில் புனிதப் பல் யாரிடமோ, ஆட்சியுரிமையும் அவரிடம் என்று நம்பினார்கள். அரசன் யார் என்றே முடிவாகாத நேரத்தில், அரசனை அரசனாக்கும் பொருளுக்குக் காவல் நின்றிருக்கிறது இந்தப் படை. அதனால் அந்தக் கல்வெட்டை நான் பக்தியாக மட்டும் படிப்பதில்லை. கூர்மையான அரசியல் கணக்கும் அதில் இருக்கிறது.