கொங்கிரீட்டின் கீழ் மறைந்துபோகும் குழாய்கள்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் எமது கரையோர ஊர்களில் ஒழுங்கைகளும் வளவு வாசல்களும் கொங்கிரீட் இடப்பட்டு வருகின்றன. மாரி வெள்ளத்தில் கால் நனைத்து நடந்த மக்களுக்கு இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அந்தக் கொங்கிரீட்டின் கீழ் நீர்க்குழாயும் மின்வடமும் தொலைபேசி வடமும் எந்நிலையில் கிடக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

எமது பிரதேசத்தில் இக்கவனயீனம் வெறும் பண நட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் வீடுகள் நெருங்கி அமைந்துள்ளன. நிலத்தடி நீர் மேலாகவே நிற்கின்றது; மலசலகூடக் குழிகளும் அருகிலேயே உள்ளன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளை உவராக்கிய பின்னர், குழாய் நீரின் அருமையை நாம் நன்கறிந்தோம். அந்தக் குழாயில் வெடிப்பு ஏற்பட்டால், கசியும் நீர் மணலுக்குள் ஓசையின்றி மறைந்துவிடும். குழாயின் அமுக்கம் குறையும் வேளையிலோ, சுற்றியுள்ள அசுத்த நீர் அதே வெடிப்பின் வழியே உள்ளே புகக்கூடும். ஒரு வீட்டு வாசலில் நேரும் தவறு அயல் வீட்டாரின் குடிநீரையும் கெடுத்துவிடலாம்.

நிலத்தின் கீழ் உள்ளதைப் பொருட்படுத்தாமல் மேலே கட்டுவதன் விளைவை உலகம் கண்டிருக்கின்றது. தாய்வானின் காவோசியுங் நகரில் எரிவாயுக் குழாயொன்றைச் சுற்றி வடிகால் கட்டப்பட்டது. மண்ணின் காப்பின்றி ஈரத்தில் தொங்கிய குழாய் காலப்போக்கில் துருவேறி மெலிந்தது. 2014 ஜூலை 31ஆம் திகதி இரவு நிகழ்ந்த வெடிப்பில் 32 பேர் உயிரிழந்தனர். எமது ஊர்களில் அத்தகைய எரிவாயுக் குழாய்கள் இல்லை. எனினும், மூடுவதற்கு முன் பார்க்க வேண்டும் என்ற பாடம் எமக்கும் உரியதே.

முதலில், எது எங்கே ஓடுகின்றது என அறிய வேண்டும். நீர்மானி, மின்மானி ஆகியவற்றின் இருப்பிடம் இதற்கு வழிகாட்டும். உரிய நிறுவனத்தாரிடமும் விசாரிக்க வேண்டும். அலவாங்கால் குத்தாமல் மண்வெட்டியால் மெல்ல மண்ணை அகற்றுவதே பாதுகாப்பு. மின்வடம் உள்ள இடத்தில் மின்னைத் துண்டித்த பின்னரே, தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு வேலை செய்விக்க வேண்டும். தாழ்ந்த அழுத்த மின்வடத்தை 75 சென்ரிமீற்றர் ஆழத்திலும், வீதியைக் கடக்குமிடத்தில் 1 மீற்றர் ஆழத்திலும் இடுமாறு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1255 கூறுகின்றது. கைப்பிடி ஆழத்தில் கிடக்கும் வடத்தின் மீது கொங்கிரீட் இடுவது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும்.

இரண்டாவதாக, குழாயையோ வடத்தையோ கொங்கிரீட்டுக்குள் நேரடியாகப் புதைக்கக் கூடாது. சீமெந்து பி.வி.சி. குழாயை அரிப்பதில்லை. ஆனால், பாரவூர்தி ஏறும்போதும் நிலம் தாழும்போதும் இறுகப் பிடிக்கப்பட்ட குழாய் அசைய இடமின்றி வெடிக்கின்றது. நாகமுலாம் பூசிய இரும்புக் குழாயோ, கொங்கிரீட்டும் உவர் மண்ணும் சந்திக்கும் இடத்தில் விரைவில் துருப்பிடிக்கின்றது. எனவே, பெரிய விட்டமுள்ள உறைக்குழாயை இட்டு, அதனூடாகவே அவற்றைச் செலுத்த வேண்டும். உறைக்குழாய் கொங்கிரீட்டின் இருபுறமும் சிறிது வெளியே நீண்டிருக்க வேண்டும். அதனுள் பொருத்துகள் இருக்கலாகாது. நீருக்கும் மின்சாரத்துக்கும் தனித்தனி உறைகள் அவசியம். ஏற்கெனவே கிடக்கும் குழாயாயின், உறையை நீளவாக்கில் பிளந்து அதன் மீது அணைத்துக் கட்டலாம். எதிர்காலத் தேவைக்கென ஒரு வெற்றுக் குழாயையும் இட்டு வைத்தால், பின்னர் கொங்கிரீட்டை உடைக்க நேராது.

மூன்றாவதாக, கல் கலவாத மணலை 15 சென்ரிமீற்றர் படைகளாக இட்டு, ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். தளர்ந்த மண்ணின் மீது இட்ட கொங்கிரீட் தாழ்ந்து பிளக்கும். அதன் பாரமும் குழாயின் மீதே விழும். மண்ணிட்டு மூடுவதற்கு முன் வீட்டின் எல்லா நீர்க்குழாய்களையும் பூட்டிவிட்டு, நீர்மானியைச் சில மணி நேரம் அவதானிக்க வேண்டும். மானி நகர்ந்தால் எங்கோ கசிவு உண்டு. மானியும் அடைப்பு வால்வும் எக்காரணம் கொண்டும் கொங்கிரீட்டின் கீழ் மறையக் கூடாது.

இறுதியாக, வாயிற்றூணிலிருந்து குழாய்க்கு எத்தனை அடி, எத்தனை ஆழம் என்பதைக் காகிதத்தில் வரைந்து, புகைப்படத்துடன் காணி உறுதியோடு வைத்திருக்க வேண்டும். மேசன் மறந்துவிடுவார்; வீட்டுக்காரரும் ஒருநாள் மறந்துவிடுவார்.

இக்கடமை வீட்டுக்காரருக்கு மாத்திரம் உரியதன்று. உள்வீதிகளுக்குக் கொங்கிரீட் இடும் மாநகர சபையும் பிரதேச சபைகளும், வேலை தொடங்குமுன் நீர் வழங்கல், மின்சார, தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு அறிவித்து, குழாய்களைச் சீர்செய்த பின்னரே ஒப்பந்தகாரரை அனுமதிக்க வேண்டும். இன்று இட்டு நாளை உடைக்கும் கொங்கிரீட்டுக்குச் செலவாவது மக்களின் பணமே. ஒரு குழாய்த் துண்டுக்கும் அரைநாள் உழைப்புக்கும் தயங்கிப் பிள்ளைகளின் குடிநீரைப் பணயம் வைப்பது எவருக்கும் தகாது என்பதே எமது கருத்தாகும்.