இராசத்துரோகமும் சமயத்துரோகமும்

திருக்கோணமலைக் கோட்டை வாயிலில் பொறிக்கப்பட்டுள்ள இணைக்கயல்கள் அழிந்த பெருங்கோயிலொன்றை இன்றும் நினைவூட்டுவன. கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு போர்த்துக்கேயர் 1620களில் கோட்டை எழுப்பினர். 1639ஆம் ஆண்டிலே, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கூடிய ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இரு சாராரும் கிறித்தவரே. எனினும் முன்னவர் கத்தோலிக்கர், பின்னவர் சீர்திருத்தத் திருச்சபையினர். ஐரோப்பாவைப் பிளந்த சமயப் பூசல் இவ்வாறு நம் துறைமுகத்திற்கும் வந்து சேர்ந்தது. அப்பூசலிலே அரசர் விதித்த மரணதண்டனைகளின் வரலாறு, ஈழநாட்டவரும் ஆராயவேண்டிய தொன்றாகும்.

முற்காலத்து ஐரோப்பாவிலே இரு குற்றங்கள் வேறுவேறாக எண்ணப்பட்டன. திருச்சபையின் கோட்பாட்டை மறுத்தல் சமயத்துரோகம். அதற்குத் தண்டனை தீ. அரசனுக்கு எதிராக எழுதல் இராசத்துரோகம்; அதற்குத் தண்டனை வாளும் தூக்குமரமும். 1517இல் மார்ட்டின் லூதர் தொடங்கிய சீர்திருத்த இயக்கத்தின் பின் இவ்வேறுபாடு மங்கலாயிற்று. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி 1534இல் பாப்பரசரின் அதிகாரத்தை நீக்கித் தானே அந்நாட்டுத் திருச்சபையின் தலைவனானான். அத்தலைமையை ஏற்க மறுத்த தோமஸ் மோரும் பிஷர் மேற்றிராணியாரும் 1535இல் இராசத்துரோகிகளெனச் சிரச்சேதம் செய்யப்பட்டனர்.

1540ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள் இலண்டன் நகரின் சிமித்பீல்டு என்னுமிடத்தில் நிகழ்ந்தது இதனினும் வியப்புக்குரியது. சீர்திருத்தக் கொள்கையினர் மூவர் சமயத்துரோகிகளென எரிக்கப்பட்டனர். அதே நாளில், அதே இடத்தில், அரசனின் சமயத் தலைமையை மறுத்த கத்தோலிக்கர் மூவர் இராசத்துரோகிகளெனக் கொல்லப்பட்டனர். பின்னர் மேரி அரசியின் காலத்தில், 1555 முதல் 1558 வரை, சீர்திருத்தச் சமயத்தார் ஏறத்தாழ 280 பேர் தீக்கிரையாயினர். அவளுக்குப் பின் வந்த எலிசபெத்து அரசியின் ஆட்சியிலோ கத்தோலிக்க குருமார் இராசத்துரோகிகளாயினர். 1581இல் எட்மண்டு காம்பியன் என்னும் குரு அவ்வாறே மடிந்தார். அரியணையில் இருப்பவர் மாறுந்தோறும் குற்றவாளியும் மாறினார்.

இஃது ஐரோப்பியருக்கே உரிய இழுக்கு என எண்ணுதல் தவறு. 1544ஆம் ஆண்டிலே மன்னாரில் கிறித்தவ சமயத்தைத் தழுவிய மக்கள், யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலியின் ஆணையால் வாளுக்கிரையாயினர். அவர் தொகை ஏறத்தாழ 600 என்பது கத்தோலிக்க மரபு. அவர்களை அச்சபையார் வேதசாட்சிகளெனப் போற்றுகின்றனர். மன்னனின் அச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. எதிர்க்கரையிலே முத்துக்குளித்துறைப் பரவர் 1530களில் ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கேயரின் பாதுகாப்பையும் உடன் பெற்றனர். மதம் மாறிய குடி பிறநாட்டரசனின் குடியாகிவிடும் என மன்னன் கருதினான்போலும். ஆயினும் படையெடுத்தவர் வேறு. ஞானஸ்நானம் பெற்ற ஏழைகள் வேறு. தாமசு மோரின் தலை வீழ்ந்தமை அநீதியெனின், மன்னார் மக்களின் தலைகள் வீழ்ந்தமையும் அநீதியே. கொன்றவன் சைவ மன்னன் என்பதனால் துலாக்கோல் சாய்தல் ஆகாது.

அக்கொலையால் மன்னன் அஞ்சியது நீங்கியதுமில்லை. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். 1619இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தது. அதன் இறுதி மன்னன் இரண்டாம் சங்கிலி கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். நாட்டுக்கு உரியவனே இப்பொழுது துரோகியானான்.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டதும் சக்கரம் மீண்டும் சுழன்றது. அவ்வாண்டிலேயே அவர்களுக்கெதிரான சதியொன்று வெளிப்பட்டுப் பலர் கொல்லப்பட்டனர். அவருள் இயேசு சபைக் குரு ஒருவரும் அடங்குவர். சதியை அறிந்தும் வெளியிடாதிருந்தார் என்பது அவர்மேற் சாட்டப்பட்ட குற்றம். கத்தோலிக்க குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்ற கட்டளையும் பிறந்தது. நேற்று அரசாங்கச் சமயமாய் இருந்தது இன்று அரசாங்கத்திற்கு எதிரான குற்றமாயிற்று.

இவ்விருளிலும் ஒளி ஒன்று உண்டு. கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேப்பு வாஸ் அடிகளார், 1692இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தினால் சிறையிடப்பட்டார். ஆயினும் பௌத்தனாகிய இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன், ஐயத்தையே தீர்ப்பாகக் கொண்டானல்லன். அடிகளாரின் ஒழுக்கத்தை நாளடைவில் அறிந்து, அவரை விடுவித்து, தன் நாட்டிலே சமயப்பணி புரியவும் இசைந்தான். அடிகளார் 1711இல் கண்டியிலேயே அமைதியாக உயிர் நீத்தார். 2015இல் கொழும்பிலே புனிதராக உயர்த்தப்பட்டார்.

ஹென்றியும் சங்கிலியும் ஒல்லாந்தரும் நோக்கியது ஒருவனுடைய நம்பிக்கையை. கண்டி மன்னன் நோக்கியது ஒருவனுடைய செயலை. வேறுபாடு இஃதொன்றே, ஆயினும் அதுவே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட எல்லையாக அமைந்தது. கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் அருகருகே விளங்கும் திருக்கோணமலையிலே கல்வி பயிலும் இளைஞர் இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். அயலான் என்ன செய்தான் என்று வினவுதல் நீதி. அவன் யாரை வணங்குகிறான் என்பதைக் கொண்டே அவனைத் துரோகி என்னல் அநீதி.